நாயின் தட்டும் நம் தட்டும்

நம் இல்லங்களில் நெடுநாளாக நிலவிவரும் வழக்கம் ஒன்றுண்டு. காலையில் வடித்த சோறு இரவில் சற்றே வாடை வீசினால், "நாய்க்குப் போடு" என்கிறோம். ரொட்டியில் பச்சையாகப் பூசணம் பூத்திருந்தால், "பிள்ளைகள் தின்ன வேண்டாம், நாய்க்குப் போடு" என்கிறோம். மனிதனுக்கு ஆகாதது நாய்க்கு ஆகும் என்னும் எண்ணம் நம் உள்ளத்தில் ஆழ வேரூன்றியிருக்கிறது. வீணாக்காமல் ஓர் உயிரின் பசியைத் தீர்த்தோம் என்று மனநிறைவும் கொள்கிறோம். இந்த எண்ணம் சரிதானா என்பதைக் குடும்பத்தினர் அனைவரும் இத்திங்களில் சற்றே ஆராய்ந்து பார்ப்பது நலம்.

1974ஆம் ஆண்டின் இறுதியில், இராஜஸ்தான், குஜராத் மாநிலங்களின் எல்லையை ஒட்டிய பழங்குடிச் சிற்றூர்களில் ஒரு கொடிய நோய் பரவியது. மஞ்சட்காமாலை தோன்றி, வயிற்றில் நீர் கோத்து வீங்கி, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆராய்ந்தவர்கள் ஒரு செய்தியைக் கண்டு வியந்தனர். அவ்வீடுகளில் வளர்ந்த நாய்களும் அதே நோயால் அவ்வாறே வயிறு வீங்கி இறந்தன. மனிதரும் நாய்களும் உண்டது ஒரே மக்காச்சோளம். அறுவடைக் காலத்தில் மழையில் நனைந்து, முறையாக உலராமல் பூசணம் பிடித்த சோளம் அது. வறுமையால் வேறு உணவின்றி மக்கள் அதையே உண்டனர். அவர்கள் இட்டதை நாய்களும் உண்டன.

அப்பூசணத்தில் ஊறும் நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர். 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் மடிந்தபோது, அவற்றுக்கு இட்ட நிலக்கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்தே இந்நஞ்சைக் கண்டறிந்தனர். இது கல்லீரலைத் தாக்குவது. வீட்டு அடுப்பில் வேகவைப்பதால் இது அழிவதில்லை. பூசணத்தை மேலே சுரண்டி எறிந்துவிட்டாலும் உள்ளே ஊறிய நஞ்சு நீங்குவதில்லை. நாயின் கல்லீரல் இந்நஞ்சுக்கு மிக எளிதில் இரையாகும் தன்மை உடையது. ஆகவே, பூத்த ரொட்டியையும், சொத்தைக் கடலையையும், பூசணம் பிடித்த தேங்காயையும் நாய்க்கு இடுவது இரக்கச் செயல் ஆகாது. அவை குப்பைக்கு உரியவை.

"எங்கள் வீட்டில் கடையில் வாங்கும் பொட்டல உணவுதானே இடுகிறோம்" என்று சிலர் கூறக்கூடும். நன்று, ஆயினும் பொட்டலம் ஒன்றே காப்பு ஆகிவிடாது. மக்காச்சோளம் கலந்த நாயுணவில் இதே அஃப்ளாடாக்சின் மிகுந்திருந்ததால், அமெரிக்காவில் 2005 டிசம்பரிலும், மீண்டும் 2020 டிசம்பரிலும் விற்ற சரக்கைத் திரும்பப் பெற நேர்ந்தது. இரண்டாம் முறையில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட நாய்கள் இறந்ததாக அந்நாட்டு அரசுக்குத் தெரிவிக்கப்பட்டது.

இதனினும் வருந்தத்தக்க நிகழ்ச்சி ஒன்றுண்டு. உணவிலுள்ள புரதத்தை அளக்க, அதிலுள்ள நைட்ரஜனை அளந்து கணக்கிடுவது ஆய்வுக்கூடங்களின் வழக்கம். இதை அறிந்த பேராசைக்காரர், மெலமின் என்னும் நைட்ரஜன் மிகுந்த வேதிப்பொருளைக் கோதுமைப் புரத மாவில் கலந்து சீனாவிலிருந்து அனுப்பினர். 2007 மார்ச்சில் வட அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டு மடியலாயின. கோடிக்கணக்கான டப்பாக்களும் பொட்டலங்களும் திரும்பப் பெறப்பட்டன. அடுத்த ஆண்டே, 2008இல், சீனாவில் அதே மெலமினைக் குழந்தைகளுக்கான பால்மாவில் கண்டனர். ஏறத்தாழ மூன்று இலட்சம் குழந்தைகள் நோயுற்றனர்; ஆறு குழந்தைகள் இறந்தனர். நாயின் தட்டில் தோன்றிய தீமை குழந்தையின் பால்புட்டிக்கு வந்து சேர நெடுங்காலம் ஆகவில்லை. நாயின் உணவுதானே என்று அலட்சியம் செய்வோர் இதை எண்ணிப் பார்ப்பார்களாக.

அப்படியாயின் நல்ல உணவைத் தேர்ந்தெடுப்பது எங்ஙனம்?

முதலாவது, பொட்டலத்தின் முகப்பிலுள்ள படத்தை விடுத்துப் பின்புறத்தைப் படியுங்கள். முழு உணவா, இடையிடையே தரும் தின்பண்டமா என்பதை முதலில் காணுங்கள். தின்பண்டத்தை மட்டுமே தின்று நாய் உயிர்வாழ இயலாது. குட்டிக்கா, வளர்ந்த நாய்க்கா என்பதையும் நோக்குங்கள். சேர்க்கைப் பொருள்களைப் பொதுவாக எடையின் வரிசையில் அச்சிடுவர். ஆனால் பச்சைக் கோழியிறைச்சியில் ஏறத்தாழ எழுபது விழுக்காடு நீரே என்பதால், அது முதலிடத்தில் இருப்பதை மட்டும் கண்டு மயங்க வேண்டாம்.

இரண்டாவது, புரதக் கணக்கை ஒப்பிடும்போது நீரைக் கழித்துப் பாருங்கள். 80 விழுக்காடு நீருள்ள டப்பா உணவில் 8 விழுக்காடு புரதம் என்றால், நீர் நீங்கிய எஞ்சிய பகுதியில் அது 40 விழுக்காடு ஆகும். 10 விழுக்காடு நீருள்ள உலர் உணவில் 22 விழுக்காடு புரதம் என்றால், அதே கணக்கில் அது 24 விழுக்காடே. பெரிதாகத் தோன்றும் எண் உண்மையில் சிறியதாக இருப்பதுண்டு.

மூன்றாவது, மூட்டையைத் திறந்து வைத்துச் சில்லறையாக நிறுத்துத் தரும் உணவை வாங்காதீர்கள். அதில் தேதியும் தெரியாது, ஈரம் ஏறியதும் தெரியாது. வாங்கிய உணவை அதற்குரிய பையிலேயே வாயை இறுகக் கட்டி, தரையில் படாமல், ஈரமற்ற இடத்தில் வையுங்கள். சிக்கு வாடை வீசினால் இடாதீர்கள். நாய் ஓர் உணவை வழக்கத்துக்கு மாறாக மறுத்தால், அடித்து உண்ணச் செய்யாமல், உணவை முகர்ந்து பாருங்கள்.

வீட்டில் சமைத்து இடுவோர் பலர். அதுவும் நல்ல வழக்கமே. ஆனால் வெறும் பால்சோறும் தயிர்சோறும் நாய்க்குப் போதா. வேகவைத்த முட்டையோ, எலும்பு நீக்கிய இறைச்சியோ, மீனோ சேர்ந்தால்தான் புரதம் கிடைக்கும். இறைச்சியில் சுண்ணாம்புச் சத்து குறைவாதலால், அதற்கு என்ன சேர்ப்பது என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும். குறிப்பாக வளரும் குட்டிக்கு அது இன்றியமையாதது.

நாம் சுவைத்து உண்ணும் சில பொருள்களே நாய்க்கு நஞ்சு. ஞாயிறு மதியம் எஞ்சிய கறிக்குழம்பைச் சோற்றில் பிசைந்து இடுகிறோம். அதிலுள்ள வெங்காயமும் பூண்டும், வெந்திருந்தாலும், நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வெந்த கோழியெலும்பு சிம்பு சிம்பாகப் பிளந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். கிறிஸ்துமஸ் நாளில் பிள்ளைகள் அன்போடு ஊட்டும் கேக்கிலுள்ள உலர்திராட்சை சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடும். சாக்லேட்டும் நாயின் இதயத்தையும் நரம்புகளையும் தாக்கும். சர்க்கரை நோயாளருக்கெனச் சைலிட்டால் சேர்த்துச் செய்த இனிப்பும் நாயின் உயிருக்கு ஆபத்தே. பெருநாள் மகிழ்ச்சியிடையே இச்சிறு எச்சரிக்கையைப் பெற்றோர் பிள்ளைகளுக்கு முன்னதாகவே சொல்லி வைத்தல் வேண்டும்.

இறுதியாக, கறிக்கடையில் ஒதுக்கிய ஈரலையும் நுரையீரலையும் பச்சையாக வாங்கி இடும் வழக்கத்தை அறவே விடுங்கள். ஆட்டின் ஈரலில் உள்ள கட்டிகளில் ஒருவகை நாடாப்புழுவின் கரு தங்கியிருப்பதுண்டு. அதைப் பச்சையாகத் தின்னும் நாயின் குடலில் புழு வளர்கிறது. அதன் முட்டைகள் நாயின் மலத்தோடு வெளிப்பட்டு, மயிரில் ஒட்டி, நாயைத் தடவிய கையைக் கழுவாமல் உண்ணும் குழந்தையின் வயிற்றுக்குள் செல்கின்றன. பல ஆண்டுகளுக்குப் பின் அக்குழந்தையின் ஈரலில் நீர்க்கட்டி தோன்றி, அறுவை மருத்துவம் வரை கொண்டு செல்லக்கூடும். நன்றாக வேகவைத்து இட்டால் இத்தீங்கு இல்லை. நாய்க்கு முறைப்படி புழுநீக்க மருந்து கொடுப்பதும், பிள்ளைகளைக் கைகழுவப் பழக்குவதும் இதனோடு சேர்ந்த கடமைகள்.

அன்பர்களே! காட்டு விலங்கு தன் உணவைத் தானே தேடிக்கொள்கிறது. நாம் கட்டி வளர்க்கும் நாய்க்கோ அவ்வுரிமை இல்லை. நாம் இடுவதே அதன் உணவு. நாம் இட்டதை ஐயமின்றி உண்பதே அதன் இயல்பு. அந்த நம்பிக்கைக்கு ஈடாக நாம் செய்யத்தக்கது பெரிய செலவன்று. தட்டில் இடுமுன் ஒரு கணம் முகர்ந்து பார்த்து, "இது பூசணமின்றி, கெடாமல் இருக்கிறதா?" என்று கேட்டுக்கொள்வதே போதும். நாளைக்கு உங்கள் இல்லத்தில் "நாய்க்குப் போடு" என்ற சொல் எழும்போது, அந்தச் சோற்றை முதலில் நீங்களே முகர்ந்து பாருங்கள்.