மேற்கோளை எண்ணி விஞ்ஞானியை எடை போடாதீர்கள்!

திருப்பூரில் டெய்லருக்குப் பீஸ் ரேட். எத்தனை பீஸ் தைத்தாரோ அத்தனைக்குக் கூலி. அதிலும் ஒரு நேர்மை உண்டு. தைத்ததெல்லாம் செக்கிங் டேபிளுக்குப் போகும், தையல் விட்டிருந்தால் திரும்பி வரும். நம் பல்கலைக்கழகங்கள் விஞ்ஞானிக்கும் பீஸ் ரேட் கொண்டுவந்துவிட்டன. செக்கிங் டேபிளைத்தான் காணோம்!

எத்தனை கட்டுரை? எத்தனை மேற்கோள்? இதழின் 'இம்பாக்ட் ஃபேக்டர்' என்ன? இவ்வளவுதான் கேள்வி. 2005-ல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கட்டுரையையும் மேற்கோளையும் சேர்த்துச் சுருக்கி 'ஹெச் இண்டெக்ஸ்' என்று ஒரே எண்ணாக்கினார். ஒருவருக்கு ஹெச் 20 என்றால், அவருடைய 20 கட்டுரைகள் தலா 20 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன என்று அர்த்தம். கணக்கு ரொம்ப எளிது. ஆபத்தும் அங்கேதான்.

வேதியியலையும் மூலக்கூறு உயிரியலையும் எடுத்துக்கொள்வோம். ஒரு கரைசலில் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க 1951-ல் ஆலிவர் லவ்ரி ஒரு முறை சொன்னார். ஆய்வுக்கூடம்தோறும் அதைப் பயன்படுத்தினார்கள், பயன்படுத்தியவர்கள் மேற்கோள் காட்டினார்கள். 2014-ல் 'நேச்சர்' இதழ் வெளியிட்ட பட்டியலில் 3 லட்சத்துக்கும் மேல் மேற்கோள்களோடு முதலிடம் அதற்குத்தான். டிஎன்ஏ-வின் இரட்டைச் சுருளைச் சொன்ன 1953-ம் ஆண்டு வாட்சன்-கிரிக் கட்டுரையோ முதல் நூறிலேயே இல்லை! தன் கட்டுரை மகத்தானது அல்ல என்று லவ்ரியே எழுதியிருக்கிறார். அவருக்குப் புரிந்தது நம் தேர்வுக் குழுக்களுக்குப் புரியவில்லை.

நம்மூர் உதாரணம் வேண்டுமா? ஜி.என்.ராமச்சந்திரன். 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். 1954-ல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் புரதம் முப்புரிச் சுருள் என்று சொன்னார். 1963-ல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவருடனும் சேர்ந்து, ஒரு புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எதில் முடியாது என்று வரைபடம் போட்டார். அதுதான் 'ராமச்சந்திரன் வரைபடம்'. இன்றைக்கு உலகில் யார் புரத வடிவத்தைக் கண்டுபிடித்தாலும் அது சரிதானா என்று பார்க்க இந்த வரைபடத்தில்தான் பொருத்திப் பார்க்கிறார்கள். ஆனால் 1963 கட்டுரையை மேற்கோள் காட்டாமலே, வெறுமனே பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். பாடப்புத்தகத்தில் ஏறிவிட்ட விஷயத்துக்கு யார் அடிக்குறிப்பு போடுவார்கள்? ஆக, ஒருவரின் தாக்கம் உச்சத்துக்குப் போகும்போது மேற்கோள் கணக்கு அவரைக் கைவிட்டுவிடுகிறது.

ஆய்வுக்கூடத்துக்கு வெளியே வந்தால் இன்னும் மோசம். பருத்தியோடு வேதிப்பிணைப்பு போட்டு ஒட்டிக்கொள்ளும் ரியாக்டிவ் சாயத்தை 1956-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது ஐசிஐ நிறுவனம். கண்டுபிடித்தவர்கள் ராட்டீ, ஸ்டீஃபன் என்ற இரு வேதியியலாளர்கள். திருப்பூர் பனியனின் நிறம் பெரும்பாலும் அந்த வேதியியல்தான். எந்த டையிங் மாஸ்டராவது அவர்களை மேற்கோள் காட்டுவாரா? அதே சாயம் துணியில் ஏற உப்பை அள்ளிக் கொட்ட வேண்டும். அந்த உப்பு நொய்யலில் கலந்தது, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது, வயலைக் கெடுத்தது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இதில் நல்லதும் தாக்கம்தான், கெட்டதும் தாக்கம்தான். எந்த இண்டெக்ஸில் இரண்டும் வருகிறது? உப்பே வேண்டாத சாயமுறையை நாளை ஒருவர் சாதித்தால், அந்த வெற்றியை ஆற்றுத் தண்ணீரில்தான் அளக்க வேண்டும்.

எண்ணை நம்பியதால் என்ன ஆனது? 2010-ல் யுஜிசி பேராசிரியர் வேலைக்கும் பதவி உயர்வுக்கும் 'ஏபிஐ' என்று புள்ளி முறை கொண்டுவந்தது. கட்டுரைக்கு இவ்வளவு புள்ளி என்றதும், காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சடிக்கும் இதழ்களுக்குக் கொண்டாட்டம். 2018-ல் யுஜிசியே தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களைத் தூக்க வேண்டி வந்தது. அளவுகோலையே இலக்காக்கினால் அளவுகோல் கெட்டுவிடும். பொருளாதாரத்தில் இதற்கு குட்ஹார்ட் விதி என்று பெயர். ஹிர்ஷும் தன் எண் மோசமான விளைவுகளைத் தரக்கூடும் என்று 2020-ல் எழுதிவிட்டார்.

"எண் இல்லாவிட்டால் சிபாரிசும் சாதியும்தானே முடிவு செய்யும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இந்த நாட்டில் அந்தப் பயம் சும்மா வந்ததல்ல. ஆனால் எண் வந்த பிறகு சிபாரிசு ஒழிந்துவிட்டதா? தனக்கு வேண்டியவருக்கு எந்த எண் தோதாக இருக்கிறதோ அதைத் தூக்கிக் காட்ட வசதியாகத்தான் ஆனது. சிபாரிசைத் தடுக்க வழி வேறு. ஏன் இவரைத் தேர்ந்தெடுத்தோம், ஏன் அவரை விட்டோம் என்று குழுவினர் காரணம் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். அதை எல்லோரும் பார்க்க வெளியிடட்டும். வேலைக்கு எடுக்கும்போது இதழின் இம்பாக்ட் ஃபேக்டரைப் பார்க்காதீர்கள், ஆய்வைப் பாருங்கள் என்று 2012-ல் உருவான சான் பிரான்சிஸ்கோ பிரகடனமும் சொல்கிறது.

விண்ணப்பித்தவர் எழுதியதில் சிறந்த மூன்று கட்டுரைகளையாவது குழு முழுசாகப் படிக்கட்டும். படிக்க நேரமில்லை என்கிறவர்கள் அந்த நாற்காலியில் உட்காராமல் இருப்பதே அறிவியலுக்குச் செய்யும் பெரிய உபகாரம்.