சுருக்கமா... விளக்கமா?



சிலருக்கு எதையும் நீட்டி முழக்கிச் சொல்லப் பிடிக்கும். சிலருக்கு, 'நறுக்'கென்று முடிக்கப் பிடிக்கும். கணினி மொழிகளிலும் இந்த இரண்டு கட்சிகள் உண்டு, தெரியுமா?

கணினிகள் ஒன்றுக்கொன்று தகவல் பரிமாறிக்கொள்ள, 1998ல், 'டபிள்யூ3சி' என்ற அமைப்பு, 'எக்ஸ்.எம்.எல்.' என்ற முறையை வெளியிட்டது. கயல் என்ற மாணவியின் பெயரை அதில் இப்படி எழுதலாம்:

<பெயர்>கயல்</பெயர்>

தொடங்கும்போது ஒரு முறை, 'பெயர்'. முடிக்கும்போது சாய்கோட்டுடன் மறுபடியும், 'பெயர்'. ஆயிரம் மாணவர்கள் என்றால், அந்தச் சொல் 2,000 முறை வரும்!

'எதற்கு இந்த வளவளப்பு?' என்று நினைத்தவர்களும் இருந்தனர். அமெரிக்காவின் டக்ளஸ் கிராக்ஃபோர்ட், 2001ல், 'ஜேசான்' என்ற சுருக்க முறையை அறிமுகம் செய்தார். அதில் இவ்வளவுதான்:

"பெயர்": "கயல்"

பாதி வேலை மிச்சம்! இன்று செல்போன் செயலிகள் பலவும் இந்த முறையில்தான் தகவல் அனுப்புகின்றன.

அப்படியானால் சுருக்கம்தான் கெட்டிக்காரத்தனமா? அவசரப்படாதீர்கள்.

ஜேசானில் பகுதிகள் எல்லாம் ஒரே மாதிரி அடைப்புக்குறியில்தான் முடியும். பெரிய கோப்பில், எது எங்கே முடிந்தது என்று நம் கண்ணுக்குக் குழம்பும். எக்ஸ்.எம்.எல்.லோ, 'இங்கே முகவரி முடிந்தது' என்று பெயர் சொல்லியே மூடும். பின்னால் படிப்பவருக்காகக் குறிப்பு எழுதி வைக்கவும் அதில் இடமுண்டு, ஜேசானில் கிடையாது.

அளவு மீறிய சுருக்கம் ஆபத்தும் கூட. ஒரு காலத்தில் கணினியின் நினைவகம் மிகவும் விலை அதிகம். அதனால், 1965 என்ற ஆண்டை, '65' என்று இரண்டே இலக்கத்தில் சேமித்தனர். 2000ம் ஆண்டு நெருங்கியதும் வந்தது வினை! '00' என்றால் 1900மா, 2000மா என்று கணினிக்கு எப்படித் தெரியும்? உலகம் முழுவதும் பழைய புரோகிராம்களைத் தேடித் தேடித் திருத்த வேண்டியதாயிற்று. மிச்சம் பிடித்தது இரண்டு இலக்கம். செலவானதோ கோடி கோடியாய்ப் பணம்!

உங்கள் நோட்டுப் புத்தகத்திலும் இதே கதைதான். கணக்கில் விடையை மட்டும் எழுதி, வழிமுறையை விட்டுவிட்டால், எங்கே தவறியது என்று டீச்சருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. கட்டுரையில் சொன்னதையே நான்கு முறை சொன்னாலோ, படிப்பவருக்குக் கொட்டாவி வரும்.

ஆகவே, பேனாவை எடுக்கும் முன், 'இதைப் படிக்கப் போவது யார்?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவருக்குத் தெரிந்ததைத் திரும்பச் சொல்ல வேண்டாம். தெரியாததை ஒருபோதும் விட வேண்டாம். சுருக்கமா, விளக்கமா என்பதற்கு விடை, உங்களிடம் இல்லை, படிப்பவரிடம் இருக்கிறது!

என்ன, சரிதானே செல்லங்களே?

அன்புடன்,
ஆசிரியர்