வீட்டுச் சாவி யார் கையில்?

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள தொடர்மாடிகளில், பிள்ளைகளை இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் அனுப்பிவிட்டுத் தனித்து வாழும் பெற்றோர் பலர். முன்னர் கடிதமும் தொலைபேசியும் செய்த வேலையை இன்று வரவேற்பறைச் சுவரில் பொருத்திய கமெரா செய்கிறது. தந்தையாரின் கணினி மக்கர் செய்தால், மகன் கடல் கடந்து இருந்தபடியே அதனுள் நுழைந்து சரிசெய்கிறார். இதில் குறை காண்பதற்கில்லை. ஆனால், பிள்ளைக்காகத் திறந்துவிட்ட அந்த வாசல் வேறு யாருக்கெல்லாம் திறந்திருக்கிறது என்ற கேள்வியை, நான் அறிந்த வீடுகள் பலவற்றில் எவரும் எழுப்பியதில்லை. என் கவலை அதுதான்.

வழமையாக நடப்பது இதுதான். கமெராவையோ கணினியையோ வெளியிலிருந்து பார்ப்பதற்காக, ரவுட்டரில் ஒரு 'போர்ட்'டைத் திறந்துவிடுகிறார்கள். போர்ட் என்பது இணையத்திலிருந்து வீட்டுக்குள் வரும் இலக்கமிட்ட வாசல். 'எங்கள் வீட்டு முகவரி யாருக்குத் தெரியப்போகிறது?' என்பது அவர்களின் எண்ணம். இணையத்தின் முகவரிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட நிரல்கள் இரவு பகலாக இயங்குவதை அவர்கள் அறியார். 2016ஆம் ஆண்டில் 'மிராய்' என்னும் தீநிரல், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாது விட்ட கமெராக்களையும் ரவுட்டர்களையும் இலட்சக்கணக்கில் கைப்பற்றியது. அதற்கு அது வைத்திருந்த ஆயுதம், அறுபதுக்குச் சற்று அதிகமான கடவுச்சொற்களைக் கொண்ட ஒரு பட்டியல் மட்டுமே. அத்தகைய கடவுச்சொற்களுடன் கருவிகளை விற்பதைப் பிரித்தானியா 2024 ஏப்ரலில் சட்டத்தால் தடுத்தது. நாம் வாங்கும் பெட்டியில் என்ன கடவுச்சொல் இருக்கிறதென்பதை நாமே பார்த்து மாற்றிக்கொள்வதுதான் புத்தி.

சரியான வழி 'வீ.பீ.என்.' இந்தச் சொல் நம்மவர்க்குப் புதிதன்று. 2018 மார்ச்சில் திகன வன்முறையின்போதும், 2019 ஏப்ரலில் கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயம் உட்படப் பல இடங்களில் குண்டுகள் வெடித்தபோதும், 2022 ஏப்ரலிலும் அரசு சமூக ஊடகங்களை முடக்கியது. அப்போது பலர் தரவிறக்கியவை இலவச வீ.பீ.என். செயலிகள். தம் போக்குவரத்து முழுவதையும் முன்பின் அறியாத ஒருவரின் கையில் ஒப்படைக்கும் ஏற்பாடு அது. நான் சொல்வது அதற்கு நேர்மாறானது: வாயிற்காவலை நம் வீட்டிலேயே வைப்பது.

'வயர்கார்ட்' என்னும் இலவச மென்பொருளைச் சில ரவுட்டர்களிலோ 'ராஸ்பெரி பை' போன்ற சிறு கணினியிலோ நிறுவலாம். மகனின் தொலைபேசிக்கு ஒரு சாவி, மகளின் மடிக்கணினிக்கு வேறொரு சாவி. சாவியில்லாதவர் தட்டினால், உள்ளே ஆள் இருப்பதற்கான பதில்கூடக் கிடைக்காது. தொலைபேசி தொலைந்தால் அந்தச் சாவியை மட்டும் இரத்துச் செய்யலாம். பொது முகவரி கிடைக்காத 4ஜி இணைப்பு உள்ள வீட்டில், வெளியே வாசல் எதையும் திறக்காமலே இரு முனைகளையும் இணைத்துவைக்கும் 'டெயில்ஸ்கேல்' உதவும்.

எத்தனை பூட்டுப் போட்டாலும், உள்ளிருப்பவரே திறந்துவிட்டால் பயனில்லை. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, 'எனிடெஸ்க்' போன்ற செயலியை நிறுவச் செய்து, அதன் இலக்கத்தைக் கேட்டுப் பணத்தைச் சுருட்டுவது உலகெங்கும் நடக்கும் மோசடி. ஆகவே வீட்டுக்கு ஒரு விதி வேண்டும்: தானாக அழைத்தவர் எவருக்கும் கணினியைக் கொடுப்பதில்லை; நாமாகப் பிள்ளையை அழைத்தபோது மட்டுமே கொடுப்பது.

இறுதியாக ஒன்று. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் ஒருவர் முற்றிலும் வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவுகளுக்குப் பொருந்தாது. தாயார் ஓய்ந்திருப்பதை மகன் எந்நேரமும் பார்க்கலாமா, வேலைக்கு வரும் பெண்ணுக்குக் கமெரா இருப்பது தெரியுமா என்பவற்றை அச்சட்டம் கேட்காது. குடும்பந்தான் கேட்க வேண்டும். கமெராவை எங்கே வைப்பது, எப்போது அணைப்பது என்று முடிவு செய்யும் உரிமை அந்த வீட்டில் வாழ்பவருக்கே உரியது. அணைக்கும் விதத்தைப் பெற்றோருக்குக் கற்றுக்கொடுக்காமல் கமெராவைப் பொருத்திவிட்டு விமானமேறும் பிள்ளை, பாதுகாப்பைத் தந்து செல்லவில்லை; அவர்களின் வீட்டுச் சாவியைத் தன்னோடு கொண்டு செல்கிறார்.