மனந்திரும்புதலின் கனி
1748-ஆம் ஆண்டு நடுக்கடலில் புயலிற் சிக்கி, உயிருக்கு அஞ்சி ஆண்டவனைக் கூவியழைத்த ஜான் நியூட்டன் என்னும் ஆங்கிலேய மாலுமி, அந்நாளையே தம் மனமாற்றத்தின் நாளாக ஆயுள் முழுதும் நினைவுகூர்ந்தார் எனினும், அதன் பின்னரும் 1754 வரை கப்பல்களில் ஆப்பிரிக்க மக்களை விலங்கிட்டு ஏற்றிச் சென்றார் என்பதை மறைத்தல் தகாது. பாவத்தினின்று விடுதலை பெற்றோர் நீதிக்கு அடிமைகளாகின்றனர் என்று ரோமருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் அடிகள் உபதேசித்ததன் முழுப்பொருளும் நியூட்டனுடைய ஜீவியத்தில் விளங்கப் பல்லாண்டு சென்றது. குருப்பட்டம் பெற்று நெடுநாள் கழித்து, 1788-இல், தம் கொடுமைகளை ஒளியாது ஒப்புக்கொண்டு, அடிமை வியாபாரத்தைக் கண்டித்து அவர் வெளியிட்ட சிறு நூலை, உலகம் போற்றும் அவருடைய கீர்த்தனைகளினும் மேலானதாகவே நான் மதிக்கிறேன். 1807-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் அவ்வியாபாரத்தைச் சட்டத்தால் தடுத்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே நியூட்டன் காலமானார்.