“எல்லாம் தயார்” என்று சொல்வது யார்?

பஞ்சாலைத் தோழர்களுக்கு அந்தச் சிவப்பு வாளி தெரியும். புளோரூம் சுவரில் வரிசையாகத் தொங்கும். ‘தீ’ என்று எழுதியிருக்கும். இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் புதுப் பெயிண்ட் அடிப்பார்கள். ‘வாளி ஆறு, மணல் உண்டு’ என்று பதிவேட்டில் கையெழுத்தும் விழும். இறக்கிப் பார்த்தாலோ மணலுக்குப் பதில் பீடித்துண்டும் வெற்றிலை எச்சிலும்! பஞ்சில் பொறி விழுகிற அன்றுதான் அந்த வாளியின் யோக்கியதை தெரியும்.

நமது புதுக்கோட்டை ஜில்லாவின் பேரிடர் ஏற்பாடுகளின் யோக்கியதை 2018 நவம்பர் 16 அன்று தெரிந்தது.

அன்று அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிற்று. முன்னெச்சரிக்கை இருந்தது. கடலோர ஜில்லாக்களில் ஏறக்குறைய 80,000 பேர் முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டனர். அதனால் உயிர்கள் பிழைத்தன. இதை நாம் மறுக்கவில்லை. பொழுது விடிந்ததும் சர்க்காருக்குப் பாராட்டு குவிந்தது. எதிர்க்கட்சித் தலைவரே பாராட்டினார்.

ஆனால் புயல் கடற்கரையோடு நின்றுவிட்டதா? ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம், கறம்பக்குடி, கந்தர்வகோட்டை என்று உள்ளூர்களை எல்லாம் உழுதுகொண்டு போயிற்று. தென்னை சாய்ந்தது, பலா முறிந்தது, வாழை படுத்தது. மாநிலத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்கள் சேதமாயின.

கரண்டு போனால் விளக்குத்தானே போகும் என்று பட்டணத்தில் இருப்பவர் நினைக்கலாம். நம் பக்கத்தில் திறந்த கிணறுகள் வற்றி வெகுகாலமாயிற்று. பல நூறு அடி ஆழத்திலிருந்து மோட்டார் இறைத்துக் கொடுப்பதுதான் தண்ணீர். கரண்டு போன அன்றே குடிதண்ணீரும் போயிற்று! காசுள்ளவர் ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்தார். கூலிக்காரர் வீட்டுப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். சில ஊர்களில் இருட்டு வாரக்கணக்கில் நீடித்தது. வெளி ஜில்லாக்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த மின்தொழிலாளிகள் சேற்று வயலில் கம்பத்தைத் தோளில் சுமந்து நட்டதால்தான் அந்த இருட்டாவது விலகிற்று.

தாகத்தில் தவித்த ஜனங்கள் சாலைகளை மறித்தார்கள். கொத்தமங்கலத்தில் சர்க்கார் வாகனங்களுக்குத் தீ வைக்கப்பட்டது, கைதுகள் நடந்தன. தீ வைப்பை நாம் ஆதரிக்கவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறோம்: கைது செய்யப் போலீஸ் வந்த அதே சாலையில், அதற்கு முன்னால் தண்ணீர் லாரி ஏன் வரவில்லை?

காரணம் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் என்ன சொல்கிறது? ஜில்லா ஆணையத்துக்குக் கலெக்டர் தலைவர். ஜனங்கள் தேர்ந்தெடுத்த உள்ளாட்சிப் பிரதிநிதி இணைத்தலைவர். ஜில்லாத் திட்டத்தை ஆண்டுதோறும் பரிசீலித்துத் திருத்த வேண்டும். நல்ல சட்டம்தான்! ஆனால் 2016 அக்டோபரோடு உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்துவிட்டது. தேர்தல் நடந்ததோ 2019 டிசம்பரில். நடுவே மூன்று ஆண்டுகள் அந்த நாற்காலி காலி. கஜா வந்தபோது எந்தக் கிராமத்திலும் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் கிடையாது, வார்டு உறுப்பினர் கிடையாது. எந்தத் தெருவில் கர்ப்பிணி இருக்கிறாள், எந்தக் குடிசையில் நடக்கமாட்டாத கிழவர் கிடக்கிறார் என்று பல ஊராட்சிகளைக் கட்டி மேய்க்கும் தனி அதிகாரிக்கு எப்படித் தெரியும்? இந்தப் பாடம் போதாதென்று, 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்தபோதும் மறுபடியும் தனி அதிகாரிகளிடமே ஊராட்சிகள் ஒப்படைக்கப்பட்டன!

நிவாரணக் கதை என்ன? மாநில சர்க்கார் ஏறக்குறைய 15,000 கோடி ரூபாய் கேட்டது. டில்லி 2018 டிசம்பர் 31 அன்று ஒப்புக்கொண்டது 1,146 கோடி. விழுந்த தென்னை ஒன்றுக்கு, வெட்டி அகற்றும் செலவு உட்பட, 1,100 ரூபாய் என்று அறிவித்தார்கள். தோப்புக்காரரின் நஷ்டம் பெரிது. அவருக்கு அது போதாது என்பதும் உண்மை. ஆனால் தேங்காய் வெட்டுபவர், உரிப்பவர், கீற்று முடையும் பெண்கள்? புதுக் கன்று காய்க்க ஐந்தாறு வருஷம் ஆகும். அதுவரை அவர்கள் கூலி எங்கே? மரத்தை எண்ணிய கணக்கில் மனிதனுக்கு இடமில்லை!

“இயற்கைச் சீற்றத்துக்கு யார் என்ன செய்ய முடியும்?” என்று சிலர் கேட்கிறார்கள். ஒடிசாவைப் பாருங்கள். 1999 புயலில் சுமார் 10,000 பேர் மாண்டார்கள். 2013-இல் பைலின் புயல் வந்தபோது ஏறக்குறைய 10 லட்சம் பேர் அப்புறப்படுத்தப்பட்டனர். சாவு சில பத்துகளோடு நின்றது. காற்று இளகிவிட்டதா? இல்லை. நடுவில் இருந்த ஆண்டுகளில் கட்டிய புயல் காப்பிடங்களும், பழக்கிய கிராமத் தொண்டர்களும், திரும்பத் திரும்ப நடத்திய ஒத்திகைகளும்தான் காரணம். 1963-இல் ஃபுளோரா சூறாவளிக்கு ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பலிகொடுத்த கியூபா, 1986 முதல் ஆண்டுதோறும் நாடு முழுவதும் ஒத்திகை நடத்திவருகிறது.

சர்க்காரை மட்டும் கேட்டுவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளலாமா? நம் சங்கக் கிளைகளையும் கேட்போம். வேலையிழந்த கூலிக்காரர்களின் பட்டியல் நம் கையில் தயாராக இருந்ததா? உண்டியல் குலுக்க ஓடினோம், நல்லது. அதற்கு முன் என்ன செய்து வைத்திருந்தோம்?

தோழர்களே, வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் அக்டோபர் 2 அன்று கிராமசபை கூடுகிறது. அங்கே எழுந்து நின்று இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

முகாமாகும் பள்ளிக்கூடத்தின் சாவி இரவில் யாரிடம் இருக்கிறது?

தண்ணீர்த் தொட்டிக்கு ஜெனரேட்டர் எங்கே, டீசல் எத்தனை நாளைக்கு?

விழுந்த மரத்தை அறுக்க ரம்பம் யாரிடம்?

நடக்கமுடியாதவர்களைத் தூக்கி வருவது யார்? பெயர் சொல்லுங்கள்.

ரேஷன் கடையில் முன்கூட்டியே அரிசி உண்டா?

நிலமில்லாதவர்களின் பட்டியல் எங்கே?

பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். பிறகு ஒருநாள் குறித்து ஒத்திகை நடத்தச் சொல்லுங்கள். சாவி வரவில்லையா? ஜெனரேட்டர் ஓடவில்லையா? அன்றைக்கே தெரியட்டும், புயலன்று தெரிய வேண்டாம்.

“எல்லாம் தயார்” என்று சொல்லும் உரிமை கலெக்டர் ஆபீஸ் கோப்புக்கு இல்லை. முதலில் கூரை பறிகொடுப்பவன் எவனோ, அவன் சொல்லட்டும். அதுவரை, வாளியை இறக்கிப் பார்ப்பதை நாம் நிறுத்த மாட்டோம்.