மீனுக்கு ஒன்று, இறைச்சிக்கு இரண்டு

பிரிக்பீல்ட்ஸில் மசாஜ் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் பிறவியிலேயே பார்வை இல்லாதவர். அவர் வீட்டு அடுப்படியில் மீன் மசாலா பொட்டலத்துக்கு ஒரு ரப்பர் பேண்ட், இறைச்சி மசாலாவுக்கு இரண்டு. இரண்டும் ஒரே அளவு, ஒரே எடை. பிரித்துவிட்டால் மூக்கு சொல்லிவிடும். பிரிக்காத பொட்டலத்தில் மூக்குக்கு வேலையில்லை. சரி, அந்த முதல் ரப்பர் பேண்டைப் போடும்போது எது மீன், எது இறைச்சி என்று அவருக்கு யார் சொன்னது? மசாலா விற்கும் கடையில் காசு வாங்கும் பெண். அவள் லீவில் இருந்த வாரம் மீன் குழம்பில் இறைச்சி மசாலா விழுந்தது.

போன மாதம் அவரோடு பேரங்காடிக்குப் போனேன். பிஸ்கட் வரிசையில் நின்று, "வேற என்னண்ணே இருக்கு?" என்றார். நாலைந்து பெயரும் விலையும் படித்தேன். ஆறாவதில் என் குரலில் அலுப்பு தட்டியிருக்க வேண்டும். "போதும்ணே, எப்பவும் வாங்குறதையே எடுங்க" என்று சொல்லிவிட்டார். வீடு வரும்வரை அது எனக்கு உறுத்தியது. வழக்கமாக வாங்குவதை அவர் யாரிடமும் கேட்டு வாங்கிவிடலாம். புதிதாக என்ன வந்திருக்கிறது, எதற்கு விலை குறைத்திருக்கிறார்கள் என்று நின்று மேய்கிற சுகம் மட்டும் அவருக்கு இல்லை.

பழைய மளிகைக்கடையில் இந்தக் குறை இவ்வளவு தெரியவில்லை. கல்லாவில் இருப்பவரே வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பார்: முருங்கைக்காய் இன்றுதான் வந்தது, வெங்காயம் ஏறிவிட்டது, இந்தப் பருப்பு வேகாது. பேரங்காடி வந்தது, விலையெல்லாம் சீட்டில் ஏறி ஊமையாகிவிட்டது.

மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951-இல் தொடங்கப்பட்டது. அதன் தலைமையகம் இருக்கும் பிரிக்பீல்ட்ஸிலேயே இந்த நிலை என்றால் கிள்ளானைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நம் ரிங்கிட் நோட்டுகள்கூட மதிப்புக்கு ஏற்ப அளவு மாறும். ஒரு வெள்ளியும் ஐந்து வெள்ளியும் வழவழவென்று பிளாஸ்டிக். கொடுக்கிற காசு விரலுக்குத் தெரிகிறது. வாங்குகிற சாமான்தான் தெரியவில்லை.

கைப்பேசி உதவாதா என்பீர்கள். உதவுகிறது. 2017-இல் வந்த 'சீயிங் ஏஐ' செயலி எழுத்தைப் படிக்கும், பார்கோடைக் காட்டினால் பொருளின் பெயர் சொல்லும். ஆனால் உருண்டையான டின்னில் பார்கோடு எந்தப் பக்கம் என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். காலாவதித் தேதி அடியில் புள்ளி புள்ளியாய்க் குத்தியிருக்கும். அதில் கைப்பேசியும் திணறும். ஐரோப்பாவில் கெல்லாக்ஸ் நிறுவனம் 2022 முதல் தன் பெட்டிகளில் 'நாவிலென்ஸ்' என்ற வண்ணக் குறியீட்டை அச்சிடத் தொடங்கியது. கைப்பேசியை நேராகக் குறிபார்க்க வேண்டாம். சில மீட்டர் தள்ளி நின்றாலே படித்துவிடும். பிரெயில் போட்டால் போதாதா என்றும் கேட்கிறார்கள். போடட்டும், நல்லதுதான். ஆனால் நீரிழிவால் ஐம்பது வயதுக்குமேல் கண் போனவர்களில் எத்தனை பேர் பிரெயில் கற்றிருப்பார்கள்?

அதெல்லாம் பெரிய நிறுவனங்களின் வேலை. நம் கடைக்காரர்களிடம் நான் கேட்பது காசு செலவில்லாதது. தீபாவளிக்கு முன்னால் வாட்ஸ்அப்பில் சலுகைப் பட்டியல் அனுப்புகிறீர்கள். குத்துவிளக்கு, மத்தாப்பு, நடுவே முறுக்கு மாவு விலை, எல்லாம் சேர்ந்து ஒரே படம். நண்பரின் கைப்பேசி அதைத் தொட்டதும் "புகைப்படம்" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. குத்துவிளக்கு இருக்கட்டும். படத்துக்குக் கீழே பொருளின் பெயர், எடை, விலை, சலுகை முடியும் நாள், இவற்றை எழுத்தாகத் தட்டி அனுப்புங்கள். இந்தத் தீபாவளிக்கே அனுப்பலாம்.