சிறுவர் நோவும் சத்திரசிகிச்சையும்

இம்மலரைப் புரட்டும் பழைய மாணவருள் வைத்தியர் பலர் உளர். தமிழாசிரியன் மருத்துவத்துட் புகுந்து பேசுவது தகுமோ என அன்னார் நகைக்கலாம். நோயின் கணக்கு அவர்களுடையது. நோவைச் சொல்லும் சொல் எம்முடையது.

கடுநோயுற்ற பிள்ளைக்குச் சத்திரசிகிச்சை எப்போதும் நோயைத் தீர்ப்பதற்கே செய்யப்படுவதன்று. உணவு செல்ல வழியமைக்கவும், கட்டியின் அழுத்தத்தைக் குறைக்கவும் செய்யப்படுவதுண்டு. பெற்றோர் பலர் இதனை அறியார். பிள்ளை முற்றாகச் சுகமடையும் என நம்பியே ஒப்பமிடுவர். நோய்தணிப்புப் பராமரிப்பு என்பது கைவிடப்பட்டார்க்கு உரியது என்னும் எண்ணமும் நம்மிடை வேரூன்றியுள்ளது. உலக சுகாதார நிறுவனமோ, சிறுவர்க்கு அது நோயறிந்த நாளிலேயே தொடங்கி, ஏனைய சிகிச்சையுடன் கூடவே நடைபெற வேண்டும் என 1998 ஆம் ஆண்டிலேயே வகுத்தது.

சிறுவர் நோவை மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டதே அண்மையிற்றான். சிசுக்கள் நோவை உணரா, மயக்க மருந்தைத் தாங்கா எனக் கருதி, மிகக் குறைந்த மருந்துடன் அவற்றுக்குச் சத்திரசிகிச்சை செய்த காலம் ஒன்றிருந்தது. இந்தியரான வைத்தியர் கன்வல்ஜீத் ஆனந்த் 1987 இல் ஒக்ஸ்போர்ட்டிலிருந்து வெளியிட்ட ஆய்வு, தக்க நோவுநீக்கி பெற்ற குறைமாதக் குழந்தைகளே நன்கு தேறினர் எனக் காட்டிற்று. கோழிக்கோட்டில் 1993 இல் நோய்தணிப்புப் பணியைத் தொடக்கியோருள் ஒருவரான எம். ஆர். ராஜகோபாலும் மயக்க மருந்து வைத்தியரே. துயிற்றத் தெரிந்தவர் துயர் தணிக்க வந்தமை பொருத்தமே.

மாவடிப்பள்ளித் தாய் ஒருத்தி, புற்றுநோயுற்ற மகனுடன் மகரகமைக்குச் செல்கின்றாள் என்று கொள்வோம். இரவு முழுதும் பஸ். சென்றிறங்கும் இடத்திற் பெரும்பாலும் சிங்களம். "உம்மா, எனக்கு நோகுமா?" என்கிறான் மகன். "நோகாது மகன்" என்கிறாள் அவள். விழித்தெழுந்து நோவுற்ற பிள்ளை மறுமுறை எவர் சொல்லையும் நம்பாது. "நித்திரைக்கு மருந்து தருவாங்க. எழும்பின பிறகு கொஞ்சம் நோகும். சொன்னால் மருந்து இருக்கு. நீ உறங்கும்வரை நான் பக்கத்தில இருப்பேன்" என்று சொல்லலாமே. அவள் அருகிருக்க வைத்தியசாலையும் இடங்கொடுத்தல் வேண்டும்.

இன்னுமொன்றுண்டு, சொல்ல நா எழாதது. மேசையிலே இதயம் நின்றால் என் செய்வது? மீளா நோயுற்ற பிள்ளையை மார்பழுத்தி உயிர்ப்பிக்க வேண்டாமெனப் பெற்றோர் முன்னரே கூறியிருப்பின், சத்திரசிகிச்சைக் கூடத்தின் வாயிலில் அம்முடிவு தானாகவே இரத்தாகிவிடுமோ? அவ்வாறு ஆகலாகாது, முன்கூட்டியே மீளப் பேசித் தீர்மானிக்க வேண்டும் என்பது அமெரிக்க மயக்க மருந்து வைத்தியர் சங்கம் 1993 இல் வகுத்த நெறி. நம்மிடத்தும் இவ்வுரையாடல் நிகழ்தல் வேண்டும். தமிழிலே, ஆற அமர, ஒப்பம் பெறுமுன்.

கல்முனையிலும் மட்டக்களப்பிலும் பணிபுரியும் எம் வைத்தியர்களிடம் ஒன்று கேட்பேன். இவற்றையெல்லாம் முஸ்லிம் வீட்டுச் சொல்லும் தமிழர் வீட்டுச் சொல்லும் கலந்த எளிய தமிழிற் சிறு கையேடாக்குவோம். பொருளை நீங்கள் தாருங்கள். பிழைதிருத்தம் என் பொறுப்பு.